பந்தலுக்குக் கீழே ஒரு வீடு

ஜூலை 21, திங்கள்

இன்று முதல் எனக்கு வேறு வேலை. திராட்சைத் தோட்டத்தில் இலை கிள்ளப் போக வேண்டாம்.

மதுரையிலிருந்து ஹெப்சிபா மேடம் வந்திருக்கிறார். எங்கள் மேலக்கரடு ஊரைச் சுற்றி எந்த நிலத்தில் என்ன பயிர் நிற்கிறது என்று வரைபடம் போடப் போகிறார்கள். பிறகு எந்தப் பயிருக்கு எத்தனை தடவை மருந்து அடிக்கிறார்கள், பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்பார்களாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஏதாவது தெரியுமாம்.

பால்வாடி டீச்சர்தான் என் பெயரைச் சொன்னார். "சுருளியம்மான்னு ஒரு பிள்ள இருக்கு. எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். வாயத் தெறக்க மட்டும் ரெண்டு ஆள் வேணும்."

மேடம் சிரித்தார். "பேசுறத நான் பாத்துக்கறேன். நீ வழி காட்டி, வரைஞ்சு குடுத்தாப் போதும்." தினமும் நடந்ததை இரண்டு வரி எழுதி வைக்கும் பழக்கம் நல்லது என்றும் சொன்னார். அதனால்தான் இது.

ஏன் பத்தாவதோடு நின்றாய் என்று கேட்டார். படிப்பு ஏறவில்லை என்றேன். பிரேயரில் இரண்டு முறை மயங்கி விழுந்ததைச் சொல்லவில்லை. அது திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்டி மருந்தடிக்கிற காலத்தில் மட்டும் வரும். பிறகு தானாகப் போய்விடும்.

ஜூலை 24, வியாழன்

வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. வரப்பில் நடந்து ஒவ்வொரு மூலையிலும் நின்று போனில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பெரிய தாளில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அதில் அந்த நிலத்துக்கு நிறம் பூச வேண்டும். வாழைக்குப் பச்சை, நெல்லுக்கு மஞ்சள், தென்னைக்குப் பழுப்பு, திராட்சைக்கு ஊதா. மூன்று நாளில் ஊதாப் பென்சில் பாதியாகிவிட்டது.

கோட்டைத் தாண்டி நிறம் வெளியே போய்விடுகிறது. "கை ஏன் இப்படி நடுங்குது?" என்று மேடம் கேட்டார். பழக்கமில்லை என்றேன்.

ஜூலை 30, புதன்

ஜக்கப்பன் முதலாளி மோட்டார் ரூம் பக்கம் வழிமறித்தார். எங்கள் வீடு இருப்பது அவர் தோட்டத்துக்கு நடுவில். அப்பா அவரிடம் மருந்தடிக்கிற ஆள், காவலும் அவர்தான். நான் பிறந்ததே அந்த வீட்டில்.

"என்ன தாயி, கையில போனு, தோள்ல பையி. கலெக்டரம்மா ஆயிட்ட போல?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நம்ம தோட்டத்துக்கு என்ன கலரு?"

"ஊதா."

"ஊதாவோட நிக்கட்டும். செவப்பு, கிவப்புன்னு எதையாச்சும் பூசி வச்சு, அதைப் பாத்து ஒரு வியாபாரி வண்டியத் திருப்பிட்டான்னு வையி, எனக்கு மட்டும் நட்டமில்ல. உங்கப்பனும் இதே பந்தலத்தான் நம்பி இருக்கான். புரியுதா?"

கோபமாகச் சொல்லவில்லை. போகும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். அம்மாவிடம் பழத்தை மட்டும் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று ஜக்கப்பன் தோட்டத்துத் தாள் வந்தது. மேலிருந்து பார்த்தால் எங்கள் வீடே இல்லை.

தகரக் கூரை வெயிலுக்குத் தகிக்கிறது என்று அப்பா போன வருஷம் திராட்சைப் பந்தலை வீட்டுக்கு மேலேயும் இழுத்துக் கட்டிக் கொடியை ஏற்றிவிட்டார். முற்றம், குளிக்கிற மறைப்பு எல்லாம் பந்தலுக்குள் போய்விட்டன. படத்தில் ஒரே இலையாகத் தெரிகிறது.

"இதுக்குள்ள குடியிருப்பு எதுவும் இல்லையே?" என்றார் மேடம்.

தலையை ஆட்டினேன். இல்லை என்பதாக எடுத்துக்கொண்டார். முழுவதும் ஊதா பூசிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆண்டிபட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிற என் அக்கா பவுன்தாய் போன் செய்தாள். பிள்ளை நன்றாக உதைக்கிறதாம். வளைகாப்பு முடிந்ததும் இங்கே வருவதற்கு நாள் எண்ணுகிறாள்.

ஆகஸ்ட் 13, புதன்

வீடு வீடாகப் போகிறோம். தலைவலி, வாந்தி, தோல் அரிப்பு, மூச்சு முட்டுதல் பற்றியெல்லாம் மேடம் கேட்கிறார். பிறகு குரலைத் தணித்து, பிள்ளைப்பேறு பற்றிக் கேட்கிறார். முதலில் எல்லோரும் "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்கிறார்கள். மேடம் எழுந்துகொள்வது போல அசையும்போது சொல்கிறார்கள்.

"எனக்கு மூத்தது தங்கல."

"எனக்கு ரெண்டு தங்கல. அது என் சாதகம் அப்பிடி."

"எம் மருமகளுக்கு அஞ்சாம் மாசத்துல கலைஞ்சிருச்சு. கண்ணுபட்டுப் போச்சு."

ஒச்சம்மா அத்தை என் தோளில் இடித்தாள். "ஏண்டி, இதையெல்லாம் கேட்டுட்டு நாளைக்குக் கல்யாணமே வேணாம்னு சொல்லிறாத." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் தங்கவில்லை என்று சொன்ன வீடுகளுக்கு நான்தான் தாளில் புள்ளி வைத்தேன். பல ஊதாவின் ஓரத்தில் இருந்தன. நெல் பக்கத்திலும் சில இருக்கின்றன. அதனால் ஒன்றும் சொல்ல முடியாது என்று மேடம் சொன்னார்.

ஆகஸ்ட் 20, புதன்

மழை. நான் வராததால் மேடம் என்னைத் தேடி வந்துவிட்டார். மோட்டார் ரூமில் வழி கேட்டு, பந்தலுக்குள் குனிந்து குனிந்து, முற்றத்தில் வந்து நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வீடு இல்லன்னு சொன்னியே."

அம்மாதான், "அது வாயில்லாத பிள்ளைங்க, நீங்க உள்ள வாங்க" என்று பாயை விரித்தாள்.

மேடம் திட்டவில்லை. காப்பி குடித்துவிட்டு எல்லா வீட்டிலும் கேட்கிறதை இங்கேயும் கேட்டார். அப்பாவுக்கு மருந்தடித்த அன்று எச்சில் ஊறும், கண் மங்கும் என்று அம்மா சொன்னாள். "மறுநா காலையில சரியாப் போயிரும்." என்னைப் பற்றிக் கேட்டபோது நானே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

"உங்களுக்குப் பிள்ளைங்க ரெண்டு பேருதானா? நடுவுல தங்காமப் போனது எதுவும் உண்டாம்மா?"

"இல்ல."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். அடுப்பில் எதுவும் இல்லை.

ஊதாவுக்கு நடுவில் மேடம் ஒரு புள்ளி வைத்தார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்று எங்கள் தோட்டத்தில் கவாத்து. கொடியை மொட்டையாக வெட்டிவிட்டார்கள். இப்போது முற்றத்தில் வெயில் விழுகிறது.

சம்பந்தி வீட்டிலிருந்து நாள் சொல்லிவிட்டார்கள். செப்டம்பர் பதினான்கு வளைகாப்பு. கட்டுச்சோறு கொண்டுபோய், வளையல் போட்டு, அன்றைக்கே அக்காவை அழைத்து வர வேண்டும். தலைப்பிரசவம். பிள்ளை பிறந்து மூன்று மாதம் வரை இங்கேதான்.

கவாத்து வெட்டினால் பத்துப் பதினைந்து நாளில் தளிர் வரும். தளிர் வந்ததிலிருந்து பூப் பூத்துப் பிஞ்சு பிடிக்கும் வரை மருந்து. மழை பெய்தால் அடித்ததையே மறுபடி அடிக்க வேண்டும். அப்பா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

அக்கா வருகிற அன்றைக்கு மருந்து ஆரம்பித்திருக்கும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மேடம் இரண்டாவது தாள் தயாரித்துவிட்டார். இதில் பயிரின் நிறம் இல்லை. மருந்து குறைவான இடம் வெளிர்மஞ்சள், கூடக் கூட ஆரஞ்சு, பிறகு சிவப்பு. எங்கள் புள்ளியைச் சுற்றி அடர்சிவப்பு.

நான் இதுவரை மேடத்திடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. இன்று கேட்டேன். பாதி சொல்வதற்குள் வியர்த்துவிட்டது.

"எங்க அக்கா வரப் போறா. ஏழு மாசம். வரலாமா?"

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார்.

"சுருளி, வந்தா இப்பிடி ஆகும்னு என்னால சொல்ல முடியாது. ஆகாதுன்னும் சொல்ல முடியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்த வேலையே. முடிய ரெண்டு வருசம் ஆகும்."

தாளைச் சுருட்டி வைத்தார்.

"ஆனா எங்கூடப் பொறந்தவளா இருந்தா நான் வரச் சொல்ல மாட்டேன்."

ஆகஸ்ட் 30, சனி

அம்மாவிடம் சொன்னேன். அவள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். புடைப்பதை நிறுத்தவில்லை.

"அக்கா இந்தத் தடவ அங்கேயே இருக்கட்டும்மா. ஆண்டிபட்டியிலயும் பெரியாஸ்பத்திரி இருக்குல்ல."

"பேச ஆரம்பிச்சா இதைத்தான் பேசுவியா? தலைப்பிரசவத்துக்குக் கூட்டியாரலைன்னா அவ மாமியா என்ன சொல்லுவா? பிள்ளத்தாச்சிக்கு ஒருவேளைக் கஞ்சி ஊத்த வக்கில்லாதவுகன்னு சொல்லுவா. அந்தப் பேச்சக் காலத்துக்கும் உங்கக்காதான் கேக்கணும்."

"மருந்து அடிப்பாங்கம்மா."

"மருந்துக்கு நடுவுலதான நீ பெறந்த."

அம்மா முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வேலை முடிந்து வரும்போதே வாடை வந்தது. தோட்டத்தில் இன்னும் மருந்து ஆரம்பிக்கவில்லையே என்று நினைத்தேன்.

வாடை வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

அப்பா கைத்தெளிப்பானோடு அறையிலிருந்து வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. வெள்ளையடித்து வைத்திருந்த அறை, அக்காவுக்காகச் சின்னமனூரிலிருந்து வாங்கி வந்த கயிற்றுக்கட்டில், தொட்டில் கட்டுகிற மூங்கில், கூரை இடுக்கு எல்லாவற்றுக்கும் அடித்திருக்கிறார். திராட்சைக்கு வாங்கியதில் போன போகத்து மிச்சம்.

"பிள்ளத்தாச்சி படுக்குற எடம். மூட்டப்பூச்சி, பூரான், எறும்பு ஒண்ணு அண்டக் கூடாதுல்ல. கடையில விக்கிற வீட்டு மருந்தெல்லாம் வெறுந்தண்ணி. இது ஒருவாட்டி அடிச்சாப் போதும், மூணு மாசம் நிக்கும்."

அம்மா வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கண் சிவந்திருந்தது. "எம் பிள்ளைக்கு நல்லாத் தூக்கம் வரணும்" என்று மறுபடியும் சொன்னார்.

மேடத்தின் தாளில் இதற்கு நிறமே கிடையாது.

செப்டம்பர் 3, புதன்

காலையில் அறைக்குள் பல்லிகள் மல்லாந்து கிடந்தன. அம்மா ஒரு முறத்தில் வாரிக்கொண்டு போனாள்.

அப்பா போன பிறகு சோப்புத்தூள் கரைத்துச் சுவர், கட்டில், மூங்கில் எல்லாவற்றையும் துடைத்தேன். கயிற்றில் ஊறியது போகவில்லை. தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. தலை சுற்றிக்கொண்டே இருந்தது. வாடை அப்படியேதான் இருக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

அக்காவிடமே சொல்லிவிடுவது என்று போன் செய்தேன்.

"சுருளி, இங்க தண்ணி பத்து நாளைக்கு ஒருக்காதாண்டி வருது. வீட்டுக்குள்ள நாள் பூரா தறிச் சத்தம். காலு ரெண்டும் வீங்கிருச்சு. எனக்கு எப்படா நம்ம பந்தலுக்கு அடியில வந்து படுப்போம்னு இருக்கு. அப்பா கட்டிலு வாங்கிருக்காராமே?"

"ம்."

"என்ன ம்? நீ என்னமோ சொல்லணும்னியே?"

"ஒண்ணுமில்லக்கா. ஒடம்பப் பாத்துக்க."

போனை வைத்த பிறகு சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

கையிலும் கழுத்திலும் நீர்க் கொப்புளங்கள். நேற்று முழங்கையில் மட்டும் இருந்தன, இன்று மார்பு வரை. அரிப்பு தாங்க முடியவில்லை. இலை கிள்ளப் போகும்போது எப்போதும் கொஞ்சம் வரும். இவ்வளவு வந்ததில்லை. காய்ச்சல்போலவும் இருந்தது.

முற்றத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அரிசி கடன் கேட்க வந்த ஒச்சம்மா அத்தை சட்டென்று நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தாடி! இந்தப் பிள்ளைக்கு முத்து போட்டுருக்கு! ஏ மயினி, வெளிய வா! ஆத்தா வந்துருக்கா உங்க வீட்டுக்கு!"

இல்லை அத்தை, இது சுவர் துடைத்ததால் வந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு நின்றேன்.

அம்மை போட்ட வீட்டுக்குப் பிள்ளைத்தாச்சியை யாரும் அழைத்து வர மாட்டார்கள். அழைத்து வா என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். கஞ்சி ஊற்ற வக்கில்லாதவர்கள் என்று யாரும் பேச முடியாது.

வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா வந்து என் கையைத் தூக்கிப் பார்த்தாள். அம்மா இருபது வருஷம் இலை கிள்ளியவள். இந்தக் கொப்புளம் அவள் கையில் வந்திருக்கிறது, கூட வேலை பார்க்கிற எல்லோருக்கும் வந்திருக்கிறது. என் கையை விட்டுவிட்டு அறையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

உள்ளே திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்.

"என்னங்க, போயி வேப்பங்கொத்து ஒடிச்சிட்டு வாங்க. ஆத்தா வந்துருக்கா."

அப்பா ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா என்னைக் கும்பிட்டார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

"அறையில கட்டிலப் போட்டுப் படுக்க வையி" என்றார்.

"வேணாம். காத்து வேணும். வெளிச் சாய்ப்புலயே படுக்கட்டும்" என்றாள் அம்மா.

செப்டம்பர் 8, திங்கள்

வாசலில் வேப்பிலை. வீட்டில் தாளிப்பு இல்லை. அப்பா தரையில் படுக்கிறார், ஒருவேளைதான் சாப்பிடுகிறார். சித்திரையில் வீரபாண்டி ஆத்தாவுக்கு வருஷம் தவறாமல் தீச்சட்டி எடுக்கிறவர் அவர்.

இன்று மருந்து ஆரம்பிக்க வேண்டிய நாள். அப்பா முதலாளியிடம் போய், ஆத்தா வீட்டில் இருக்கும்போது மருந்து டப்பாவைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வெளியூர் ஆள் இரண்டு பேர் வந்தார்கள். முதலாளி தூரத்திலிருந்து கத்தியது எனக்குக் கேட்டது. "டேய், வீட்டச் சுத்தி நாலு வரிசைய விட்ருங்கடா! அந்த நெடி ஆத்தாளுக்கு ஆகாது!"

மேடத்தின் சிவப்புத் தாளுக்கு நிற்காத மருந்து இதற்கு நின்றது. சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது.

ஆத்தா, பொய் சொன்னது நான். கோபம் வந்தால் என்மேல் வை. அக்கா மேல் வைக்காதே.

செப்டம்பர் 11, வியாழன்

மேடம் வந்தார். எல்லோரும் தடுத்தும் தனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது என்று சொல்லிச் சாய்ப்புக்கு வந்து என் கையைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை.

"இது அம்மை இல்ல," என்றார் மெதுவாக.

"மேடம்." அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் அறையைப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"நான் ஊர்ல யார்கிட்டயும் பேச மாட்டேன். ஆனா இந்தக் கைக்கு மருந்து போடணும், நாளைக்கே கொண்டாரேன். உன்னைப் பத்திக் கேட்டதுக்கு நீ சொன்ன பதிலையும் மாத்திக்கணும். சம்மதமா?"

தலையாட்டினேன். தலைவலி, மயக்கம், கை நடுக்கம் எல்லாம் சொன்னேன். எப்போதெல்லாம் வரும் என்று கேட்டார். கவாத்துக்குப் பிறகு என்றேன். அவர் எழுதவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அம்மா சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னோடதையும் மாத்திக்கங்கம்மா. பவுனுக்கும் இவளுக்கும் நடுவுல ஒண்ணு இருந்துச்சு. பையன். ஏழு மாசம். இதே வீடு, இதே கவாத்து நேரம். இவுக அப்பாதான் வாய்க்காக் கரையில கொண்டுபோயிப் பொதைச்சாரு. அப்பறம் அதைப் பத்தி நாங்க பேசிக்கிறதில்ல."

மேடம் எழுதிக்கொண்டார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வளைகாப்பு.

நாங்கள் யாரும் போகவில்லை. சின்னமனூர்ச் சித்திதான் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனாள். அக்காவுக்கு அம்மாவின் கையால் வளையல் இல்லை.

சாயங்காலம் சித்தி பந்தலுக்கு வெளியே நின்று போனில் படம் காட்டினாள். அக்காவின் இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல், கன்னமெல்லாம் சந்தனம். அவள் அழுதுகொண்டிருந்தாள். அம்மா எட்ட நின்றே பார்த்தாள். "மஞ்சச் சேல அவளுக்கு எடுப்பா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். பிறகு கொல்லைக்குப் போய் ரொம்ப நேரம் பாத்திரம் விளக்கினாள். விளக்கின பாத்திரத்தையே மறுபடி விளக்கினாள்.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று நடந்ததை எழுத வேண்டும்.

மேடம் கொடுத்த களிம்பில் கொப்புளம் வற்றிவிட்டது. அம்மா மஞ்சளை அரைத்துக் கையில் அப்பி வைத்திருக்கிறாள். மதியம் சாய்ப்பில் படுத்திருந்தேன். எங்கள் நான்கு வரிசையைத் தாண்டி இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, புகைபோல மருந்து போய்க்கொண்டிருந்தது.

வளையல் சத்தம் கேட்டது.

வாய்க்கால் பாலத்தில் ஆட்டோ நின்றிருந்தது. அக்கா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் குனிந்து வந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுத் தனியாக வந்திருக்கிறாள்.

"சுருளி! ஒன்னைய எட்ட நின்னு பாத்துட்டுப் போயிர்றேண்டி! பயப்படாத!"

அவள் வந்தது மருந்தடிக்கிற வரிசை வழியாக.

எழுந்து ஓடினேன். வெயிலில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஓடினேன்.

"வராத! அக்கா, போ! அங்கிட்டே நில்லு!"

என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. அக்கா நின்றாள். பிறகு, "ஏண்டி, என்னடி" என்று மறுபடி ஓர் அடி வைத்தாள். நான் குனிந்து மண்கட்டியை எடுத்து எறிந்தேன். அவள் காலடியில் விழுந்து உடைந்தது. இன்னொன்று எடுத்தேன்.

"போடி! எம் மூஞ்சில முழிக்காத, போ!"

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். வளையல் சத்தம் பாலம் வரை கேட்டது. ஆட்டோ போன பிறகுதான் மூச்சு வந்தது.

திரும்பினால் அப்பா. தண்ணீர்க்குடத்தோடு நின்றிருந்தார். வெயிலில் என் முகத்தைப் பார்த்தார். ஓடி வந்ததில் மஞ்சள் உதிர்ந்திருந்த கையைப் பார்த்தார். முத்துப் போட்ட தழும்பு எங்கேயும் இல்லை.

குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பந்தலுக்குள் நடந்து போய்விட்டார்.

செப்டம்பர் 19, வெள்ளி

அப்பா பேசவில்லை. சாப்பிடவும் இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்

அப்பா இன்று கேட்டார். கட்டிலை முற்றத்தில் சாய்த்து வைத்துக் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"ஆத்தா பேர்ல பொய் சொல்லலாமா?"

"சொல்லக் கூடாதுப்பா."

"பெறகு?"

எனக்கு அழுகைதான் வந்தது. ஆனாலும் சொன்னேன். "நீங்கதானப்பா சொன்னீங்க. அந்த மருந்து மூணு மாசம் நிக்கும்னு."

அரிவாள் நின்றது. அப்பா அறையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு வாய்க்கால் பக்கம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"எனக்கு மட்டுந்தான் தெரியல," என்றார். மிச்சக் கயிற்றையும் அறுத்துச் சுருட்டிக்கொண்டு போனார்.

செப்டம்பர் 27, சனி

விட்டு வைத்த நான்கு வரிசையிலும் இலையில் சாம்பல் நோய் விழுந்துவிட்டது. முதலாளி வந்து இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஆத்தாளுக்கு ஒரு கும்பிடு, எங் கொடிக்கு ஒரு கும்பிடு. என்னைக்குப்பா பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தப் போற? மூணாந்தண்ணி ஊத்தி ஆத்தாள அனுப்பி வச்சாத்தான நான் மருந்தோட உள்ள வர முடியும்?"

அப்பா உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். பொய்யைச் சுமந்துகொண்டு அவரால் கோயில் வாசலை மிதிக்க முடியாது. நான் இரண்டு நாளாகத் தூங்கவில்லை.

அக்டோபர் 1, புதன்

காலையில் முதலாளி மறுபடி வந்து முற்றத்துக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்தபடியே கேட்டார். "இன்னைக்காச்சும் ஒரு முடிவு சொல்லு. ஆள் நிக்குது, மருந்து கலக்கி நிக்குது."

அப்போதுதான் அப்பாவின் போன் அடித்தது. அக்காவின் மாமியார். அப்பாவுக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அண்ணே, சின்னவளுக்கு எப்பிடி இருக்கு? மூணாந்தண்ணி ஊத்தியாச்சா? இவ தெனமும் அழுகுறா. நீங்க சொன்னீங்கன்னா ஞாயித்துக்கெழம நானே கொண்டாந்து விட்டுர்றேன்."

சாய்ப்பில் நான் எழுந்து உட்கார்ந்தேன். அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். பைக்கில் இருந்தவர் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே? கேக்குதா?"

"கேக்குதும்மா." அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "மூணாந்தண்ணி ஊத்தல. ரெண்டாந்தண்ணி ஊத்துன மறுநாளே மறுபடி முத்து போட்டுருச்சு. இந்தத் தடவ கடுசா இருக்கு. ஆத்தா இப்பதைக்கு எறங்குற மாதிரி தெரியல. எம் பிள்ளைக்கு அங்கேயே பிரசவம் பாத்துருங்கம்மா. கொற எதும் இருந்தா எம்மேல இருக்கட்டும்."

"ஆத்தா காரியத்துல நம்ம என்னண்ணே கொற சொல்றது. அவ எம் மக மாதிரி, நான் பாத்துக்கறேன்" என்றார் அக்காவின் மாமியார்.

முதலாளி உச்சுக் கொட்டினார். "இந்த நாலு வரிசையும் போச்சு போ" என்று பைக்கை உதைத்துக் கிளப்பினார்.

அப்பா யாரையும் பார்க்கவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் பச்சையாக ஒரு வேப்பங்கொத்து இருந்தது. வாசலில் காய்ந்து சருகாகிக் கிடந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதியதைச் செருகினார். விழுந்துவிடாமல் இருக்கக் கயிற்றை இரண்டு முடிச்சாகப் போட்டார்.